சிவப்பு மை இல்லாத படம்



போன வாரம் நம் பழைய மாணவர் ஒருவர் போன் செய்தார். மகள் பிளஸ் ஒன் முடித்துவிட்டாளாம். "லீவுல பயாலஜியைத் திரும்பப் பார்க்கச் சொல்லியிருக்கேன் சார். எல்லாப் படத்தையும் ஒரு நோட்டுல அழகா வரையுறா. நீங்க எங்களுக்குக் கொடுத்த அதே ஹோம்வொர்க்தான்" என்றார் சந்தோஷமாக. எனக்குச் சுருக்கென்றது.

அந்த ஹோம்வொர்க் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். மே மாதத்துக்கு இருபது படங்கள், ஒவ்வொன்றும் ஐந்து முறை. இதயம், நெஃப்ரான், இருவிதையிலைத் தண்டின் குறுக்குவெட்டு, செம்பருத்திப் பூவின் நீள்வெட்டு என்று பட்டியல் போகும். பள்ளி திறந்த அன்று நோட்டுகள் என் மேஜையில் அடுக்கியிருக்கும். எண்ணிப் பார்த்துக் கையெழுத்துப் போடுவேன்.

ஒரு வருடம் ஒரு மாணவியின் நோட்டு அச்சுப் புத்தகம் மாதிரி இருந்தது. வகுப்பு முழுக்கச் சுற்றுக்கு விட்டேன். பத்து நாள் கழித்து அவளையே எழுப்பி, போர்டில் நெஃப்ரான் வரையச் சொன்னேன். பௌமானின் கிண்ணத்தைப் போட்டாள். அதிலிருந்து நெளிநெளியாக ஒரு குழல். அங்கேயே நின்றுவிட்டாள். அண்மைச் சுருள் குழல் எங்கே முடிகிறது, ஹென்லே வளைவு எந்தப் பக்கம் இறங்குகிறது, ஒன்றும் வரவில்லை. "நோட்டு மட்டும் அழகா இருந்தா போதுமாம்மா?" என்று கேட்டேன். வகுப்பு சிரித்தது. அந்த வருடம் முழுக்க அவள் கை தூக்கவே இல்லை.

மனப்பாடம் செய்யாதீர்கள் என்பதற்கு உதாரணமாக இந்தக் கதையை வேறு சில வருடங்கள் சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு ஜூனில், ஏதோ தோன்றி, மொத்த வகுப்பையும் புத்தகத்தை மூடிவிட்டு அதே படத்தை வரையச் சொன்னேன். நாற்பது பேரில் முழுதாக வரைந்தது ஆறு பேர். எல்லோரும் ஐந்து முறை வரைந்து கையெழுத்து வாங்கியவர்கள்தான். கண் பார்த்ததைக் கை எழுதியிருக்கிறது. நடுவில் மூளைக்கு வேலையே இல்லை. அவள் செய்தது நான் சொன்னதை, மற்றவர்களைவிட ஒழுங்காக. அவ்வளவுதான்.

அடுத்த வருடத்திலிருந்து வேலையை மாற்றினேன். பாடத்தை ஒருமுறை படி. புத்தகத்தை மூடு. நினைவில் இருப்பதை மட்டும் பென்சிலால் வரை, கோணலாக இருந்தாலும் பரவாயில்லை. பிறகு புத்தகத்தைத் திறந்து, விட்டதையும் தப்பையும் சிவப்பு மையால் சேர். அதே படத்தை மூன்றாம் நாள், ஒரு வாரம் கழித்து, மூன்று வாரம் கழித்து மறுபடி. ஒவ்வொரு தடவையும் சிவப்பு குறையும். இது என் கண்டுபிடிப்பு இல்லை. எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு வேகமாக மறக்கிறோம், இடைவெளி விட்டுப் படித்தால் எப்படி நிற்கிறது என்று 1885-லேயே எழுதிவிட்டார். பி.எட். படித்தபோது எனக்கும் அது பாடம்தான். பரீட்சை எழுதி மார்க் வாங்கினேன், வகுப்புக்குக் கொண்டுவரவில்லை.

இன்னொன்று. கோடை விடுமுறையே ஒரு லேப். நுங்கு சாப்பிடும்போது, வழுக்கையான அந்தப் பகுதி எது என்று கேளுங்கள். கருவூண் திசு. இளநீரும் அதேதான், செல்சுவர் இல்லாமல் உட்கருக்கள் மிதக்கும் நிலையில். பிளஸ் டூ தாவரவியலில் இரட்டைக் கருவுறுதல் வரும்போது இதைக் குடித்த பிள்ளைக்குப் பாதி வேலை முடிந்திருக்கும். மாம்பழத்தில் நாம் தின்பது கனியின் நடு உறை. பலா ஒரு பழமே இல்லை, ஒரு மஞ்சரி முழுதும் சேர்ந்த கூட்டுக்கனி.

கத்திரி வெயிலில் அலைந்துவிட்டு வந்தால் சிறுநீர் ஏன் குறைவாக, மஞ்சளாகப் போகிறது? இந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல ஹைபோதலாமஸ், பிட்யூட்டரி, ஏடிஹெச், சேகரிப்பு நாளம் என்று இரண்டு பாடங்களைத் தொட்டாக வேண்டும். ஒரு நாளில் வடிகட்டப்படுவது சுமார் 180 லிட்டர், வெளியே போவது ஒன்றரை லிட்டர் அளவு. மீதி எங்கே போனது என்று சொல்லத் தெரிந்த பிள்ளை நெஃப்ரானைப் படித்துவிட்டது.

நீட் எழுதப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 180 கேள்விகளில் 90 உயிரியல், அதில் பிளஸ் ஒன் பாடத்துக்கும் பெரிய பங்கு உண்டு. தமிழ் வழியில் படிப்பவர்கள் ஒவ்வொரு சொல்லையும் ஆங்கிலத்தோடு சேர்த்தே எழுதிப் பழகுங்கள். தமிழிலேயே தேர்வு எழுதலாம், ஆனால் மொழிபெயர்ப்பில் குழப்பம் வந்தால் ஆங்கிலக் கேள்விதான் இறுதி. அதற்காக நாள் முழுக்க உட்கார்த்தி வைக்காதீர்கள். காலையில் வெயில் ஏறுமுன் ஒன்றரை மணி நேரம் போதும். பிள்ளை தாத்தா வீட்டுக்கும் போகட்டும்.

அந்த மாணவி இப்போது என் பதிவுகளுக்கு லைக் போடுகிறாள். பெயர் சொல்லவில்லை, அவளுக்குத் தெரியும். அம்மா, அன்றைக்குத் தப்பு உன் மேல் இல்லை, என் ஹோம்வொர்க் மேல். வகுப்பு முன்னால் கேட்டதை வகுப்பு முன்னால்தான் திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டும். உன்னோடு படித்தவர்கள் முக்கால்வாசிப் பேர் இங்கே இருக்கிறார்கள்.

போன் செய்த தம்பிக்கு: பாப்பாவை நாளைக் காலை புத்தகத்தை மூடிவிட்டு நெஃப்ரான் வரையச் சொல்லுங்கள். திருத்திய படத்தை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பட்டும். சிவப்பு மை இல்லாத படம் வேண்டாம்.