படிக்கட்டின் கீழ் ஒரு கடை

சென்ற மாசி மாதத்தில் ஒரு நாள் மாலை, மாதுங்காவில் நான் குடியிருக்கும் வீட்டின் கதவிடுக்கு வழியாக ஒரு காகிதக் கட்டு உள்ளே வந்து விழுந்தது. எடுத்துப் பிரித்தேன். எங்கள் பழைய கட்டடத்தை இடித்துவிட்டு அவ்விடத்தில் புதிய மாளிகை எழுப்புவதற்குக் குடியிருப்போர் இசைவு தெரிவிக்கும் பத்திரம் அது. கடைசிப் பக்கத்தில் என் பெயருக்கு நேராக ஒரு வெற்றிடம் இருந்தது. பல வாரம் அந்த இடத்தை நிரப்பாமலே வைத்திருந்தேன். அந்நாட்களில் நான் கண்டவற்றையும், என்னை நானே கேட்டுக்கொண்டவற்றையும் நம் சங்கத்து அன்பர்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். ஏனெனில் இதுபோன்ற காகிதம் உங்களில் பலர் வீட்டுக்கும் வந்திருக்கும். வராதவர்க்கு இனி வரவும் கூடும்.

மாதுங்கா தானாக வளர்ந்த ஊரன்று. 1896-ஆம் ஆண்டில் பிளேக் என்னும் கொள்ளைநோய் பம்பாயைப் பிடித்து உலுக்கியது. காற்றும் ஒளியும் புகாத நெருக்கமான தெருக்களே நோய்க்கு விளைநிலம் என்று அன்றைய அரசினர் கருதினர். 1898-இல் நகர அபிவிருத்தி டிரஸ்ட் என்னும் அமைப்பு தோன்றியது. வயலும் குட்டையும் சிற்றூர்களுமாகக் கிடந்த தாதர், மாதுங்கா, சயான் பகுதிகளை அவ்வமைப்பு மேடாக்கி, அகன்ற சாலைகள் வகுத்து, மரங்கள் நட்டு, மனைகளாகப் பிரித்தது. இன்று நாம் மாலையில் உலாவும் ஃபைவ் கார்டன்ஸ் பூங்காக்களும், மகேசுவரி உத்யான் என்று பெயர் மாறிய கிங்ஸ் சர்க்கிளும் அத்திட்டத்தின் பயன்களே. நோயின் அச்சத்தில் பிறந்த பேட்டை இது என்பதை, அதன் நிழலில் நடக்கும் நாம் நினைத்துப் பார்ப்பதில்லை.

மனைகள் வகுக்கப்பட்டும் வீடுகள் உடனே எழும்பவில்லை. பெரும்பாலானவை 1930-களிலும் 1940-களிலுமே கட்டப்பட்டன. இந்தக் காலதாமதந்தான் மாதுங்காவுக்கு அதன் அழகைத் தந்தது. அதற்குள் கல்லும் மரமும் போய்ச் சிமிட்டியும் இரும்புக் கம்பியும் வந்துவிட்டன. 1925-இல் பாரிஸ் நகரில் நடந்த பெரிய கண்காட்சியின் பெயரையொட்டிப் பின்னாளில் ஆர்ட் டெக்கோ என்று வழங்கப்பட்ட புதிய பாணி, கடல் கடந்து பம்பாய்க்கு வந்தது. கட்டடத்தின் மூலைகள் வளைந்தன. பால்கனிகள் கப்பலின் மேல்தளம் போல் நீண்டன. சன்னலுக்கு மேலே வெயிலும் மழையும் தடுக்கும் சிமிட்டிப் பட்டைகள் புருவம் போல் ஓடின. மாடிப்படிக் கிராதிகளில் உதய சூரியனும் கடலலையும் இரும்பில் வடிவெடுத்தன. இவற்றை வரைந்தவர்களுள் இந்தியச் சிற்பிகள் பலர் இருந்தனர். தரைக்கு வேண்டிய வண்ணச் சிமிட்டி ஓடுகளைக்கூட, சுதேசி உணர்வோடு 1922-இல் பம்பாயில் தொடங்கிய பாரத் டைல்ஸ் நிறுவனம் இங்கேயே செய்து கொடுத்தது.

அந்த வீடுகளில் குடியேறியவர்கள் யார்? தட்டெழுத்தும் சுருக்கெழுத்தும் கற்றுக்கொண்டு, ஒரு தகரப் பெட்டியோடு தஞ்சையிலிருந்தும் பாலக்காட்டிலிருந்தும் ரெயிலேறிய நம்மவர்களே பலர். வரலாற்றாசிரியர் நிகில் ராவ் இவ்வட்டாரத்து அடுக்குமாடி வாழ்க்கையைப் பற்றி 2013-இல் ஓர் ஆராய்ச்சி நூலை வெளியிட்டார். கழிப்பறையும் சமையலறையும் ஒரே கூரையின்கீழ் அமைந்த தனி வீடு என்பது அக்காலத்தில் எத்தனை பெரிய புதுமை என்பதை அதில் விளக்குகிறார். ஊரில் கொல்லைக்கு அப்பால் இருந்ததை வீட்டுக்குள் ஏற்பதற்கு ஆசாரக் குடும்பங்கள் முதலில் தயங்கின. பின்னர் அதுவே வசதி என்று கண்டன. தமிழர், மலையாளிகள், கன்னடியர் என்று தனித்தனியே வந்தவர்கள் ‘தென்னிந்தியர்’ என்று ஒன்றாக அறியப்பட்டதும் இந்தப் பேட்டையில்தான்.

குடி வந்தபின் கோயிலும் பள்ளியும் கலையும் வந்தன. 1932-இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் பிறந்தது. 1942-இல் ரயில் நிலையத்தின் அருகே ராமா நாயக்கின் உடுப்பி உணவகம் இலை போடத் தொடங்கியது. 1945-இல் ராஜராஜேசுவரி பரதநாட்டிய கலா மந்திர் எழுந்து, திருவிடைமருதூர்ப் பரம்பரையின் ஜதிகளை இத்தெருக்களில் ஒலிக்கச் செய்தது. 1952-இல் தோன்றிய சண்முகானந்த சபைக்கு 1963-இல் பெரிய அரங்கம் வாய்த்தது. 1990-இல் அதைத் தீ விழுங்கிற்று. 1998-இல் மீண்டும் எழுந்தது. இவற்றுக்கிடையே வாழையிலை, மாவிலை, தொடுத்த மல்லிகை, பஞ்சாங்கம், பட்டுப்புடவை, அப்பளம், வடாம் என்று சிறு கடைகள் பெருகின. பெரிய நிறுவனங்களின் ஆண்டுகள் கல்வெட்டில் இருக்கின்றன. சிறு கடைகளின் ஆண்டை எழுதி வைத்தவர் யார்?

எங்கள் கட்டடத்தின் முகப்பில் 1939 என்று சிமிட்டியில் பொறித்திருக்கிறது. தரைத்தளத்தின் மேல் மூன்று மாடி, மின்தூக்கி கிடையாது. நுழைவாயிலின் இரும்புக் கிராதியில் அரைவட்டச் சூரியன் கதிர் விரித்து நிற்கிறான். அவனைத் தாண்டியதும் மாடிப்படியின் கீழே, இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர்க்கு இடமில்லாத ஒரு பொந்து. அங்கேதான் அண்ணாச்சியின் காப்பிப்பொடிக் கடை. அவருடைய தந்தையார் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தொடங்கியது. பீபரியும் பிளாண்டேஷனும் கலந்து, வேண்டியவர்க்குச் சிக்கரி சேர்த்து, கண்ணெதிரே அரைத்துத் தருவார். காலை ஏழு மணிக்கு அந்த இயந்திரம் சுழலத் தொடங்கினால் மூன்றாம் மாடி வரை மணம் ஏறும். 1960-களின் பிற்பகுதியில் தென்னிந்தியருக்கு எதிரான கிளர்ச்சி நகரில் எழுந்தபோது, இரண்டாம் மாடியில் இருந்த மராத்தியப் பெரியவர் ஒருவர் கடைக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு மூன்று நாள் உட்கார்ந்திருந்தார். அப்போது நான் சிறுவன். அவருக்குக் காப்பி கொண்டுபோய்க் கொடுத்தவன் நானே.

இவ்வளவு நினைவு இருக்கையில் எப்படிக் கையெழுத்திடுவது? முதல் வாரத்தில் என் மனம் உறுதியாக மறுத்தது. மெரீன் டிரைவ், ஓவல் மைதானப் பகுதிகளில் உள்ள 94 கட்டடங்களை 2018-இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக ஏற்றது. விக்டோரியா காலத்துக் கோதிக் மாளிகைகளோடு ஆர்ட் டெக்கோ வீடுகளும் அதில் அடங்கும். மாதுங்கா அப்பட்டியலில் இல்லை. பட்டியலில் இல்லாத அழகை நாமாவது காக்கவேண்டாமா என்று எண்ணினேன். அந்த எண்ணத்தில் எனக்குச் சற்றுப் பெருமையும் இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

இரண்டாம் வாரம் மூன்றாம் மாடி மாமியைப் பார்க்கப் போனேன். எண்பத்து நான்கு வயது, முழங்கால் ஓய்ந்துவிட்டது. வாசல் சூரியனைப் பற்றியும் வளைந்த பால்கனியைப் பற்றியும் நான் பேசியதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: “நீ அந்தச் சூரியனைத் தினமும் பார்க்கிறாய், அப்பா. நான் பார்த்து இரண்டு வருஷம் ஆகிறது. படி இறங்கினால்தானே பார்க்க முடியும்?”

எனக்கு விடை தோன்றவில்லை. அவர் வீட்டுச் சமையலறையின் மேற்கூரையில் காரை பெயர்ந்து, துருவேறிய கம்பி எலும்பு போல் தெரிந்தது. அடியில் ஒரு வாளி வைத்திருந்தார். 1947-இன் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நம் தந்தையரைக் காத்தது உண்மை. அதே சட்டத்தால் வாடகை நின்ற இடத்திலேயே நின்றது. உரிமையாளருக்குப் பழுது பார்க்கும் மனமும் இல்லாமற்போயிற்று. 1969-இல் பழுதுபார்ப்புக்கென வாரியம் அமைத்தார்கள். 1999-இல் புதுச் சட்டமும் வந்தது. எனினும் எண்பது மழைக்காலம் நனைந்த இரும்பு எந்தச் சட்டத்துக்கும் காத்திருப்பதில்லை. கீழே நின்று கிராதியை வியந்த நான், மேலே விழும் காரையைக் காணவில்லை.

அன்று இறங்கி வரும்போது அண்ணாச்சியின் கடையில் நின்றேன். காகிதம் வந்ததா என்று கேட்டேன்.

“எனக்கு எதற்கு சார் வரும்? குடியிருப்பவர்கள் பட்டியலில் என் பேர் இல்லையே.”

“வாடகை கொடுக்கிறீர்களே அண்ணாச்சி, ரசீது?”

“கேட்டதில்லை சார். கேட்டிருந்தால் அன்றைக்கே கடையை எடு என்றிருப்பார்கள். நீங்கள் கையெழுத்தைப் போடுங்கள். என்னை நினைத்து நிறுத்த வேண்டாம். மேலே அம்மா படும் பாடு எனக்குத் தெரியும். பொடியை நான்தானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.”

அவர் சொன்ன விதத்தில் குறை கூறும் தொனி சிறிதும் இல்லை. அதுதான் என்னை உறுத்தியது. ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக அவர் கடைப் பொடியில் கலந்த காப்பியைக் குடித்து வந்திருக்கிறேன். உங்களிடம் ரசீது இருக்கிறதா என்று ஒரு நாளேனும் கேட்டேனா? கிராதியின் கதிர்கள் எத்தனை என்று எனக்குத் தெரியும், பதினேழு. அதன் அருகே நின்ற மனிதரின் உரிமை யாது என்று தெரியாது.

இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் தாராவி இருக்கிறது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்கு வந்த நம்மவர் பல தலைமுறையாக வாழும் இடம். பொங்கல் நாளில் நம் பெண்கள் தெருவிலேயே அடுப்பு மூட்டி வரிசையாகப் பானை வைப்பதைக் கண்டவர்கள் மறக்கமாட்டார்கள். அங்கும் 2004-இலிருந்து மறுசீரமைப்பின் பேச்சு நடக்கிறது. 2000-ஆம் ஆண்டு சனவரி முதல் நாளுக்கு முன்பிருந்தே குடியிருப்பதற்குச் சான்று உண்டா என்பதுதான் அங்கே ஒவ்வொரு குடும்பமும் எதிர்கொள்ளும் கேள்வி. மாதுங்காவில் இருக்கும் நாம், அது வேறு உலகம் என்று எண்ணி ரயில் பாலத்தின் மேலிருந்து பார்த்துவிட்டுப் போகிறோம். அந்தக் கேள்வி எங்கள் படிக்கட்டின் கீழேயே இத்தனை காலம் உட்கார்ந்திருந்தது.

மூன்றாம் வாரம் ஒரு காரியம் செய்தேன். என் தகப்பனார் மாதந்தோறும் வீட்டுக் கணக்கு எழுதி வைப்பார். பரணிலிருந்து அந்த நோட்டுகளை இறக்கித் தூசி தட்டிப் பார்த்தேன். 1964-ஆம் ஆண்டு செப்டம்பர்ப் பக்கத்தில் அவருடைய சாய்ந்த எழுத்தில், ‘படிக்கடை, காப்பிப்பொடி, கால் கிலோ’ என்று இருந்தது. அடுத்த மாதமும் இருந்தது, அதற்கடுத்த மாதமும். அவர் காலமாகும் வரை ஒரு மாதம்கூட விடுபடவில்லை. யாரும் எழுதி வைக்கவில்லை என்று நான் நினைத்திருந்த கடையின் வரலாறு, எங்கள் வீட்டுப் பரணிலேயே இருந்திருக்கிறது.

கணக்கு நோட்டு நீதிமன்றத்தில் நிற்குமோ நிற்காதோ, குடியிருப்போர் கூட்டத்தில் நின்றது. அதை மேசைமேல் வைத்தேன். ‘அந்த இடம் பொதுவழி, அங்கே கடையே கிடையாது’ என்று உரிமையாளர் தரப்பில் சொன்னார்கள். அப்போது முதல் மாடியில் இருக்கும் குஜராத்திக் குடும்பத்தார், “கிடையாதென்றால் இத்தனை வருஷம் எங்கள் வீட்டுச் சாவியை யாரிடம் கொடுத்துவிட்டுப் போனோம்?” என்று கேட்டார்கள். பதினெட்டுக் குடும்பங்களில் பதினொன்று, கடை இருந்ததற்குச் சாட்சி எழுதிக் கையொப்பமிட்டன. மாமி மூன்றாம் மாடியிலிருந்தே கையொப்பமிட்டு அனுப்பினார். இரண்டு மாதப் பேச்சுக்குப் பின் ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்ந்தது: புதுக் கட்டடத்தின் தரைத்தளத்தில் அறுபது சதுர அடி, அண்ணாச்சியின் பெயரில். அதன் பிறகே என் பெயருக்கு நேரான வெற்றிடத்தை நிரப்பினேன்.

இதனால் எல்லாம் நலமாக முடிந்தது என்று சொல்ல மாட்டேன். கட்டி முடிக்க மூன்று ஆண்டு என்கிறார்கள். எங்களுக்கு அதுவரை வெளியில் குடியிருக்க வாடகைப் பணம் உண்டு. கடைக்கு அது கிடையாது. அண்ணாச்சி இயந்திரத்தை டோம்பிவிலியில் உள்ள மருமகன் கடைக்குக் கொண்டுபோகிறார். அவருக்கு வயது எழுபத்தொன்று. திரும்பி வருவாரா என்று கேட்டால் சிரிக்கிறார். வாசல் சூரியனைப் புதுக் கட்டடத்தில் பொருத்தவேண்டும் என்ற என் கோரிக்கைக்கு இடம் கிடைக்கவில்லை. கழற்றி எடுத்துக்கொள்ள மட்டும் அனுமதி தந்தார்கள். வண்ண ஓடுகளும் வளைந்த பால்கனியும் இனி நான் எடுத்த புகைப்படங்களில்தான் இருக்கும்.

அன்பர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றே. உங்கள் கட்டடத்துக்கும் காகிதம் வந்தால், உடனே மறுக்கவும் வேண்டாம். உடனே ஒப்பவும் வேண்டாம். முதலில் மேல் மாடி வரை ஏறிப் போய், படி இறங்க முடியாதவர் யாரேனும் உண்டா என்று பாருங்கள். பிறகு கீழே இறங்கி வந்து, பட்டியலில் பெயரில்லாதவர் யார் யார் என்று கேளுங்கள்: இஸ்திரி போடுபவர், பூ விற்கும் அம்மாள், செருப்புத் தைப்பவர், படிக்கட்டின் கீழிருக்கும் கடைக்காரர். பரணில் உள்ள பழைய நோட்டுகளை எடைக்குப் போடுவதற்கு முன் ஒரு முறை புரட்டிப் பாருங்கள். கிராதியையும் தரையையும் படமெடுத்து வையுங்கள். நம் முன்னோர் இந்நகரில் விட்டுச்சென்றவை கோயிலும் பள்ளியும் சபையும் மட்டுமல்ல. ஒருவருக்கொருவர் சாட்சியாக இருந்த வாழ்க்கையையும் விட்டுச்சென்றிருக்கிறார்கள்.

இந்தக் கட்டுரையை எழுதி முடிக்கும் இவ்வேளையில் கீழே இயந்திரம் சுழல்கிறது. இம்மாதக் கடைசி வரை அது சுழலும். கால் கிலோ வாங்கிவர நான் கீழே இறங்க வேண்டும். நோட்டிலும் எழுத வேண்டும்.