பயாஸ் புதுப்பித்தலும் சில நிமிட மௌனமும்

கணினியின் பொத்தானை அழுத்துவதற்கும் திரையில் விண்டோஸ் தோன்றுவதற்கும் இடையில் சில நொடிகள் உள்ளன. நினைவகம் உண்டா, விசைப்பலகை உண்டா, வட்டு எங்கே என்று கணினி தன்னைத்தானே விசாரித்துக்கொள்ளும் நொடிகள் அவை. அவ்விசாரணையை நடத்துவது தாய்ப்பலகையின் ஒரு சிறு சில்லில் குடியிருக்கும் பயாஸ். 1970களில் கேரி கில்டால் தமது சி.பி/எம் இயங்குதளத்திற்காகச் சூட்டிய பெயர் அது. இன்றைய பலகைகளில் இருப்பது யூ.இ.எஃப்.ஐ. என்னும் வாரிசுதான், ஆயினும் பழைய பெயரை நாவு விடுவதாயில்லை.

பயாஸைப் புதுப்பித்தால் கணினி பறக்கும் என்பார் உளர். பெரும்பாலும் அவ்வாறு நிகழ்வதில்லை. 2018இல் ஸ்பெக்டர் என்னும் பாதுகாப்புக் குறை வெளிப்பட்டபோது வந்த திருத்தங்கள், காவலைத் தந்து வேகத்தில் ஒரு பங்கைக் கேட்டன. 2024இல் இன்டெலின் 13, 14ஆம் தலைமுறை மேசைக்கணினிச் செயலிகள் சில, மிகையான மின்னழுத்தத்தால் நிலைகுலைந்தன. பயாஸ் வழியே வந்த திருத்தம் மேற்கொண்டு சிதையாமல் காத்ததேயன்றி, சிதைந்ததை மீட்கவில்லை. ஆக, புதுப்பித்தல் ஊக்கமருந்தன்று. குறிப்பிட்ட நோய்க்கான மருந்து.

எங்கள் கணினிக்கும் ஒரு நோய் இருந்தது. ரைசன் செயலி கொண்ட அதில் விண்டோஸ் 11க்காக எஃப்.டி.பி.எம். என்னும் பாதுகாப்பு வசதியை இயக்கியிருந்தோம். அதன்பின், தட்டச்சு செய்கையில் திரை சில கணங்கள் உறையும், ஓடும் பாடல் திக்கும், மறுபடி சரியாகும். 2022 மார்ச்சில் ஏ.எம்.டி. நிறுவனமே காரணத்தை விளக்கியது. அந்த வசதி, பயாஸ் உறையும் சில்லோடு நெடுநேரம் உரையாடும் தருணங்களில் கணினி தடுமாறுகிறதாம். மே மாதம் முதல் வரும் பயாஸ் பதிப்புகளில் தீர்வு கிடைக்கும் என்றும் அறிவித்தது.

மருந்து தெரிந்தபின்னும் தயங்கினோம். புதிய பயாஸை எழுதப் பழையதை அழித்தாக வேண்டும். அந்நேரத்தில் மின்சாரம் நின்றால், எழுவது எப்படி என்பதையே மறந்த பலகை மிஞ்சும். 1999 ஏப்ரல் 26 அன்று சி.ஐ.எச். நச்சுநிரல் பல கணினிகளின் பயாஸைக் குலைத்ததும், வட்டை மாற்றியும் அவை எழாததும் நினைவிலிருந்தன. வீட்டில் இருப்பதோ ஒரே கணினி. மகளின் பாடங்களும் எங்கள் எழுத்தும் அதனுள்தான்.

ஆகவே பொறுமையாக ஆயத்தமானோம். பலகையின் மாதிரிப் பெயரோடு அதில் அச்சிட்டிருந்த திருத்த எண்ணையும் ஒப்பிட்டோம். கோப்புகளைப் படியெடுத்தோம். பூட்டிய வட்டைத் திறக்கும் மீட்புச்சாவியைக் காகிதத்தில் எழுதிக்கொண்டோம். பயாஸ் மாறியதும் விண்டோஸ் அதைக் கேட்கக்கூடும். புதிய கோப்பைப் பென்டிரைவில் இட்டு, கணினியை யூ.பி.எஸ்.ஸில் இணைத்தோம்.

நூற்றுக்கூறு எண் மெல்ல ஏறியது. மகள் வந்து, "ஆச்சா?" என்றாள். பதில் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. நூறைத் தொட்டதும் திரை இருண்டது. விசிறி நின்றது, சுழன்றது, மறுபடி நின்றது. அந்த மௌனத்தில், ஓர் இயந்திரத்தின்மேல் எத்தனை பாரத்தை ஏற்றி வைத்திருக்கிறோம் என்பது புரிந்தது. பிறகு தயாரிப்பாளரின் சின்னம் ஒளிர்ந்தது.

ஒரு வேலை எஞ்சியிருந்தது. புதுப்பித்தல் எங்கள் அமைப்புகளையெல்லாம் துடைத்துவிட, 3200 வேகத்தில் ஓடிய நினைவகம் 2133க்கு இறங்கியிருந்தது. எக்ஸ்.எம்.பி. என்ற அமைப்பை மீண்டும் இயக்கிப் பழைய வேகத்தைப் பெற்றோம். இதைக் கவனியாதவர், புதிய பயாஸ் கணினியை மந்தமாக்கிவிட்டது என்றே முடிவுகட்டுவார்.

அதன்பின் பாடல் திக்கவில்லை. வேகம் கூடியதா என்று நாங்கள் அளந்து பார்க்கவில்லை. தடங்கல் நீங்கியதே போதுமானதாயிருந்தது. நண்பர்களுக்கு நாங்கள் சொல்வது இதுவே: தயாரிப்பாளரின் குறிப்பில் உங்கள் கணினியின் நோய் பெயர் சொல்லி எழுதப்பட்டிருந்தால், துணிந்து செய்யுங்கள். பாதுகாப்புக் குறைக்கான திருத்தமெனினும் தள்ளிப்போட வேண்டாம். வெறும் வேக ஆசைக்காக என்றால், நன்றாக உறங்கி விழிக்கும் கணினியை அதன் போக்கில் விட்டுவிடுங்கள்.