ஜார்ஜியா யார்?

அமெரிக்காவின் தென்கிழக்கில் ஜார்ஜியா என்று ஒரு ராஜ்யம் இருக்கிறது. பீச் பழத்துக்கும் வேர்க்கடலைக்கும் பேர்போன பூமி. ஆனால் ஜாஸ் சங்கீதப் பித்துப் பிடித்தவர்களிடம் அந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள். பழமும் கடலையும் ஞாபகம் வராது. ஒரு பாட்டுத்தான் ஞாபகம் வரும்.

'ஜார்ஜியா ஆன் மை மைண்ட்' என்ற அந்தப் பாட்டு 1930-ல் பிறந்தது. மெட்டமைத்தவர் ஹோகி கார்மைக்கேல். சொற்களைத் தந்தவர் அவருடைய கல்லூரித் தோழர் ஸ்டூவர்ட் கோரெல். பிற்பாடு இவர் பாங்கு உத்தியோகத்துக்குப் போய்விட்டார். இருவருமே இண்டியானாக்காரர்கள். ஊரை நினைத்து உருகும் பாட்டா, ஒரு பெண்ணை நினைத்தா? கார்மைக்கேலுக்கு ஜார்ஜியா என்றே ஒரு சகோதரி இருந்தாள்! காவேரி என்று ஒருவர் பாடினால், நதியா, எதிர்வீட்டுப் பெண்ணா என்று நாம் சந்தேகப்படுவதில்லையா? அந்தக் கதைதான். 1931-ல் மில்ட்ரெட் பெய்லியும், 1941-ல் பில்லி ஹாலிடேயும் பாடியபோது அது பெண் மனசின் ஏக்கமாகவே ஒலித்தது.

அட்லாண்டாவிலிருந்து தெற்கே சுமார் 180 மைல் போனால் ஆல்பனி என்ற ஊர். பிளின்ட் நதி ஓடுகிறது. அட்லாண்டா விமான நிலையத்து ஓடுபாதைகளுக்கு அடியில் ஒளிந்து வருகிற அதே நதிதான். கார்மைக்கேல் தம் பாட்டை நியூயார்க்கில் இசைத்தட்டாகப் பதிவு செய்தது 1930 செப்டம்பர் 15-ந் தேதி. எட்டே நாள் கழித்து, 23-ந் தேதி, ஆல்பனியில் ஓர் ஏழைக் கறுப்பினப் பெண்ணுக்கு ஆண் குழந்தை பிறந்தது. அவர்தான் ரே சார்லஸ்.

குழந்தை வளர்ந்தது பக்கத்து ப்ளோரிடாவில். ஏழு வயதுக்குள் இரண்டு கண்ணும் போய்விட்டன. அந்தத் தாய் இருக்கிறாளே, அவளைப் பற்றியே தனியாக எழுதலாம். குருட்டுப் பிள்ளை என்று மூலையில் உட்கார்த்தி வைக்கவில்லை. துணி துவைக்கவும் விறகு பிளக்கவும் பழக்கினாள். அக்கம்பக்கத்தார் முணுமுணுத்தார்கள், அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பையனுக்குப் பதினைந்து வயது நிரம்புமுன் அவளும் கண்ணை மூடிவிட்டாள்.

காரில் போகும்போதெல்லாம் ரே அந்தப் பழைய பாட்டை முணுமுணுப்பதைக் கேட்டு, "இதைப் பதிவு செய்யலாமே" என்ற யோசனையைச் சொன்னவர் அவருடைய டிரைவர் என்பார்கள். 1960-ல் இசைத்தட்டு வெளிவந்தது. அந்த நவம்பரில் அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடம்!

இனித்தான் வயிற்றெரிச்சல். 1961 மார்ச் 15-ந் தேதி, அதே ஜார்ஜியாவில் அகஸ்டா நகரில் கச்சேரி. நடன அரங்கு வெள்ளைக்காரர்களுக்கு மட்டும். கறுப்பர்கள் தனியே ஒதுங்க வேண்டும். பெயின் கல்லூரி மாணவர்கள் தந்தி மூலம் விஷயத்தைத் தெரிவித்தார்கள். ரே பாட மறுத்தார். ஏற்பாடு செய்தவர் வழக்குப் போட, 1962-ல் அட்லாண்டா கோர்ட் 757 டாலர் கட்டச் சொன்னது. (ஜார்ஜியாவே அவருக்கு ஆயுட்காலத் தடை விதித்ததாகப் பின்னால் ஒரு சினிமாவில் காட்டினார்கள். அது கட்டுக்கதை.) 1963-ல் அதே அகஸ்டாவில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து கேட்க, அவர் பாடினார்.

அட்லாண்டா போனால் தங்க ரேக்கு வேய்ந்த சட்டசபைக் கோபுரத்தை அவசியம் பாருங்கள். 1979 மார்ச் 7-ந் தேதி அந்தச் சபையில் ரே சார்லஸைப் பாடச் சொன்னார்கள். அபராதம் போட்ட அதே ஊர்! அடுத்த மாதமே அது ராஜ்யத்தின் அதிகாரபூர்வமான பாட்டாகிவிட்டது.

வில்லி நெல்சனும் 1978-ல் பாடியிருக்கிறார். மென்மையான குரல், நன்றாகவே இருக்கும். ஆனாலும் முதலில் கேட்க வேண்டியது ரே சார்லஸைத்தான். அவசரமே இல்லாமல், ஒவ்வொரு சொல்லையும் கையில் எடுத்து வருடுவதுபோல் பாடுகிறார்.

2004-ல் அவர் காலமானார். ஆல்பனியின் நதிக்கரையில் 2007-ல் ஒரு பூங்காச் சதுக்கம் அமைத்தார்கள். பியானோவுக்கு முன் அமர்ந்த சிலை மெல்லச் சுழல்கிறது; சுற்றிலும் தண்ணீர் வழிகிறது; அவர் பாட்டுகள் ஒலிக்கின்றன. பியானோக் கட்டைகள் போலவே ஆசனங்கள் செய்து போட்டிருக்கிறார்கள். குழந்தைகளோடு போகிறவர்கள் கையோடு கொறிக்க ஏதாவது கொண்டுபோவது நல்லது. அந்தக் கட்டைகளிலிருந்து அவர்களைக் கிளப்புவது லேசல்ல.