பழைய லோடு வண்டி வாங்குகிறவர்களுக்கு

லைசென்ஸ், வரி, எஃப்.சி. என்று இந்த வாத்தியார் ஏன் எழுதுகிறார் என்று நினைக்காதீர்கள். போன மாதம் முழுக்க எனக்கு இதே வேலைதான்.

ஐந்தாம் வகுப்பில் என்னிடம் படித்த பையன், இப்போது இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன், 2019 மாடல் குட்டி யானை ஒன்றை விலை பேசிவிட்டு வந்து நின்றான். முன்பணத்துக்காக மனைவியின் ஏழு பவுன் அடகுக்குப் போயிருந்தது. "சார், பேப்பரெல்லாம் ஒருதடவ பாத்துச் சொல்லுங்க" என்றான்.

புது வண்டியையும் யோசித்தோம். 2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்திருக்கிறது. ஆனாலும் மாதத் தவணை அவனுக்கு எட்டவில்லை.

"பேட்ஜ் இல்லாம மஞ்சள் போர்டு ஓட்ட முடியாது, ஆறாயிரம் குடு" என்று தரகர் ஒருவர் கேட்டிருக்கிறார். இவனிடம் இருப்பது எல்.எம்.வி. லைசென்ஸ். மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருக்கும் சரக்கு வண்டியை ஓட்ட அதுவே போதும். முகுந்த் தேவாங்கன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2017-லேயே சொன்னது. இன்சூரன்ஸ் கம்பெனிகள் விடவில்லை. 2024 நவம்பர் 6 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு அதையே உறுதி செய்தது. ஆறாயிரம் மிச்சம்.

3,000 கிலோவுக்குள் மொத்த எடை உள்ள சரக்கு வண்டிக்கு பெர்மிட்டும் வேண்டாம். ஆனால் எஃப்.சி. கட்டாயம். எட்டு வயது வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, அதற்குப் பிறகு ஆண்டுதோறும். 2019 வண்டிக்கு அந்த ஆண்டுச் செலவு 2027-லிருந்து தொடங்கிவிடும். விலை பேசும்போது இதையும் சொல்லித்தான் குறைக்க வேண்டும். சாலை வரி மாநில அரசுடையது. எதுவரை கட்டியிருக்கிறது என்று ரசீதைக் கேட்டு வாங்குங்கள். பாக்கி இருந்தால் பெயர் மாற்றும்போது உங்கள் தலையில் விழும்.

உண்மையான சிக்கல் ஆர்.சி.யில் இருந்தது. பைனான்ஸ் கம்பெனியின் ஹெச்.பி. குறிப்பு அப்படியே இருக்கிறது. விற்பவரோ "கடன் அடைச்சாச்சுங்க" என்கிறார். அடைத்திருந்தால் என்.ஓ.சி.யும் படிவம் 35-ம் கையில் இருக்க வேண்டுமே? விசாரித்தால் இரண்டு தவணை பாக்கி. அப்படியே பணத்தைக் கொடுத்திருந்தால், ஏழு பவுனும் போய், ஒருநாள் வண்டியையும் இழுத்துக்கொண்டு போயிருப்பார்கள். அந்த இரண்டு தவணையை இவனே நேராகக் கம்பெனியில் கட்டினான், விலையில் கழித்துக்கொண்டான். பதினோரு நாளில் என்.ஓ.சி. வந்தது. அதன் பிறகுதான் படிவம் 29, 30-ல் கையெழுத்து. இன்சூரன்ஸையும் பதினான்கு நாளுக்குள் தன் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வைத்தேன். பலர் இதை மட்டும் மறந்துவிடுகிறார்கள்.

பிறகு ஒரு கணக்கு. ஆர்.சி.யில் வெற்று எடை 865 கிலோ, சரக்கோடு 1,615. "கழிச்சுச் சொல்லுடா" என்றேன். "750, சார். அம்பது கிலோ வெங்காய மூட்டை பதினஞ்சு" என்றான். வெற்று எடையில் டிரைவரும் உதவியாளும் சேர்த்தியில்லை. சட்டமே அப்படித்தான் சொல்கிறது. இரண்டு பேருக்கு 140 கிலோ போனால் பன்னிரண்டு மூட்டைதான். அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய், அதற்கு மேல் கூடுதல் டன்னுக்கு 2,000. ஒரு நடையில் அவனுக்கு எவ்வளவு மிஞ்சும் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் மூன்று முறை சொல்லச் சொன்னேன்.

வண்டி வந்த வாரமே அவன் அக்கா, குலதெய்வம் கோயிலுக்கு மொத்தக் குடும்பத்தையும் பின்னால் ஏற்றிக்கொண்டு போகலாம் என்றாராம். நம் பக்கத்தில் எல்லோரும் செய்வதுதான். ஆனால் சரக்கு வண்டியில் இப்படி ஏறிப் போகிறவர்களுக்கு இன்சூரன்ஸ் பொறுப்பேற்காது. ஆஷா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சரக்குக்குச் சொந்தக்காரரோ அவர் அனுப்பிய ஆளோ சரக்கோடு வந்தால் வேறு. அசம்பாவிதம் நடந்தால் இழப்பீடு முழுக்க இவன் தலையில்.

அக்காவுக்குக் கோபம். இரண்டு நாள் பேசவில்லையாம். பையன் வேன் வாடகைக்குப் பிடித்து அனுப்பிவிட்டு, தான் மட்டும் பொங்கல் பானையும் விறகும் ஏற்றிக்கொண்டு குட்டி யானையில் பின்னால் போயிருக்கிறான்.