குருமனையின் கூரை



கடந்த ஐப்பசியில் ஒரு விடியற்காலை, எங்கள் குருமனையின் கிழக்கு அறையில், என் தாயார் உறங்கும் கட்டிலுக்கு ஒரு முழ தூரத்தில், கூரையிலிருந்து ஒரு கான்கிரீட் பாளம் பெயர்ந்து விழுந்தது. தாம்பாளத்தின் அகலம் இருக்கும். எடுத்து நிறுத்துப் பார்த்தோம்; நான்கு கிலோ. விழுந்த இடத்தில் சிமெண்டுத் தரை வெடித்திருந்தது. அம்மாவுக்குச் செவி மந்தம். எழுந்து அமர்ந்து, "மழை வந்துவிட்டதா?" என்று மட்டும் கேட்டார்கள்.

அடுத்த ஞாயிறு ஆராதனையில் இதைச் சாட்சியாகச் சொன்னேன். சபையார் தேவனை ஸ்தோத்திரித்தார்கள். ஆனால் பீடத்தைவிட்டு இறங்கும்போது என் உள்ளத்தில் ஒன்று உறுத்தியது. அந்தக் கூரையில் காப்பி நிறத்தில் ஒரு கறையும், அதனூடே மயிரிழைபோல ஒரு விரிசலும் இருந்ததை, இந்தச் சேகரத்திற்கு வந்த முதல் வாரத்திலேயே நான் கண்டிருந்தேன். ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் அதன்மேல் வெள்ளையடிக்கச் சொன்னவனும் நானே. காப்பாற்றப்பட்டதைச் சாட்சியாகச் சொன்னவன், கண்டும் மூடியதைச் சொல்லவில்லை.

சபையில் ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர் உண்டு. அரசுப் பணியில் பாலங்கள் கட்டியவர், அதிகம் பேசமாட்டார். ஒரு சிறு சுத்தியலும் சாக்கட்டியுமாக வந்தார். ஏணிமேல் நின்று கூரையைச் சாணுக்குச் சாண் தட்டினார். நல்ல இடத்தில் கணீரென்று கேட்டது. கெட்ட இடத்தில் காலிப் பெட்டியைத் தட்டினாற்போல் பொத்தென்று ஒலித்தது. பொத்தென்ற இடங்களையெல்லாம் சாக்கட்டியால் வளைத்துக் குறித்தார். முடிந்தபோது அறையின் கூரையில் மூன்றில் ஒரு பங்கு வெள்ளைக் கோட்டுக்குள் இருந்தது. வெளியே கண்ணுக்குத் தெரிந்த கறையோ இரண்டு கை அகலம்தான்.

பிறகு ஓரிடத்தில் புதிதாகச் சிறிது உடைத்து, பினாப்தலீன் கரைசலைத் தெளித்தார். நலமான கான்கிரீட் இளஞ்சிவப்பாக மாறும்; காரத்தன்மை இழந்த பகுதி நிறம் மாறாமல் நிற்கும். எங்கள் கூரையில் அடியிலிருந்து ஓர் அங்குலம் வரை நிறமே எழவில்லை. கம்பிகளோ அரை அங்குலத்திலேயே கிடந்தன. அவர் விளக்கியதை நான் புரிந்துகொண்டபடி சொல்கிறேன்: சிமெண்டின் காரத்தன்மை, இரும்பின்மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு காப்புப் படலத்தை உண்டாக்கி வைக்கிறது. காற்றிலுள்ள கரியமில வாயு பல ஆண்டுகள் மெல்ல உள்ளே நுழைந்து அந்தக் காரத்தைக் குறைக்கிறது. கடற்கரை ஊரில் உப்பும் சேர்ந்துகொள்கிறது. படலம் போனால் துரு. துருவோ தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும்; இடமில்லாதபோது கான்கிரீட்டைப் பிளந்து தள்ளும். "ஐயா, கூரை மேலேயிருந்து உடையவில்லை, உள்ளேயிருந்து உடைந்திருக்கிறது" என்றார்.

கம்பிக்கு அடியில் எவ்வளவு கான்கிரீட் இருக்கவேண்டும் என்று கேட்டேன். 2000-ஆம் ஆண்டின் ஐ.எஸ். 456 விதிமுறை, கடற்கரைச் சூழலுக்கு 45 மில்லிமீட்டர் கேட்கிறது என்றார். எங்களுடையது 1980-களில் கட்டிய வீடு. அன்று கவர் பிளாக்குக்குப் பதிலாக ஜல்லித் துண்டுகளைக் கம்பிக்கு அடியில் செருகிவிட்டு வார்த்திருக்கிறார்கள். அந்த ஜல்லியே பாளத்தில் ஒட்டியிருந்தது. கட்டியவர்களைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை. முப்பதாண்டுக்குமேல் நிழல் தந்த கூரை அது.

அன்றிரவு லேவியராகமம் பதினான்காம் அதிகாரத்தைத் திறந்தேன். வீட்டில் தோன்றும் தோஷத்தைப் பற்றிய பகுதி. நாம் வேகமாகப் புரட்டிப்போகும் பகுதி. அங்கே வீட்டைச் சோதிக்க அழைக்கப்படுகிறவன் ஆசாரியன். சோதிக்குமுன் வீட்டை ஒழித்துவைக்கச் சொல்கிறான். பழுது சுவரின் மேற்பரப்பைவிடப் பள்ளமாய் இருக்கிறதா என்று பார்க்கிறான். ஏழு நாள் அடைத்துவைத்து, மறுபடியும் வந்து பார்க்கிறான். கெட்ட கற்களைப் பெயர்த்து ஊருக்குப் புறம்பே போட்டு, சுற்றிலும் செதுக்கி, வேறு கல்லும் வேறு சாந்தும் வைக்கச் சொல்கிறான். வெள்ளையடித்து மூடுவதற்கு அந்த அதிகாரத்தில் இடமே இல்லை. இருபத்திரண்டு ஆண்டு ஊழியத்தில் இந்தப் பகுதியை வைத்து நான் ஒருமுறையும் பிரசங்கித்ததில்லை.

சேகரக் கமிட்டி கூடியது. மூத்த உறுப்பினர் ஒருவர் அன்போடுதான் சொன்னார்: "ஐயா, ஒரு நல்ல கொத்தனாரை விட்டு விழுந்த இடத்தை மட்டும் பூசிவிடலாம். பண்டிகைக்குள் வெள்ளையும் அடித்துவிடலாம். எப்படியும் வருகிற மே மாதம் உங்களுக்கு மாறுதல் வரும்." அதற்கென்று ஒருவர் விலையும் கொடுத்திருந்தார், கைக்கு அடக்கமான தொகை. பொறியாளர் அமைதியாக மறுத்தார். விழுந்த இடத்தை மட்டும் புதிய சாந்தால் அடைத்தால், பக்கத்தில் உப்பேறிய பழைய கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி முன்னிலும் வேகமாகத் துருப்பிடிக்கக்கூடும். இரண்டு, மூன்று ஆண்டுகளில் ஒட்டின் ஓரத்தைச் சுற்றியே அடுத்த பாளம் விழும். "அப்போது கட்டிலில் யார் இருப்பார்கள் என்று நாம் இப்போது சொல்ல முடியாது" என்று முடித்தார்.

இரண்டு மணி நேரம் பேசினோம். பணம் எளிய காரியமல்ல. கோபுர விளக்குக்கென்று சேர்த்ததைத் தொடவேண்டியிருந்தது. அதில் சிலருக்கு வருத்தம், இன்றும் உண்டு. இறுதியில் எழுதிக்கொண்ட திட்டம் இது. முதலாவது கூரையைத் தொடுவதற்குமுன் தண்ணீரைத் தடுப்பது. மொட்டைமாடியின் மழைநீர்க் குழாய் வாய், வேப்பிலையாலும் காகக் கூட்டின் சுள்ளியாலும் அடைபட்டிருந்தது. தொட்டியின் இணைப்பு ஆண்டுக்கணக்காய்ச் சொட்டிக்கொண்டிருந்தது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின், தை மாதத்தில் தட்டோடுகளைப் பெயர்த்துச் சாய்வைச் சரிசெய்து, நீர்க்கசிவுத் தடுப்புப் போட்டு, அதன்பின்பே அடிப்புற வேலை. அதுவரை அறையைப் பூட்டி, தளத்துக்கு இரும்பு முட்டுகள் கொடுப்பது. ஆயிரம் லிட்டர் தொட்டியைக் காலிசெய்வது. நிறைந்த தொட்டி ஒரு டன் பாரமல்லவா!

உடைக்கும்போது கம்பிக்குப் பின்னால் விரல் நுழையும் அளவுக்குக் குடையவேண்டும் என்பது பொறியாளரின் கண்டிப்பு. கம்பியின் முன்பக்கத்தை மட்டும் தேய்த்துவிட்டு முதுகில் துருவை விட்டுவைத்தால் எல்லாம் வீண். துருவைப் பளபளவென்று நீக்கியபின் அளந்து, கால் பங்குக்குமேல் மெலிந்த கம்பிக்குத் துணைக்கம்பி கட்டி, துருத்தடுப்புப் பூச்சு கொடுத்து, பாலிமர் கலந்த சாந்தை மெல்லிய அடுக்குகளாக ஏற்றவேண்டும். ஒரே நாளில் முழு அறையையும் உடைக்கக் கூடாது. பட்டை பட்டையாக, ஒன்று இறுகியபின் அடுத்தது. கூலியை மொத்தமாகப் பேசாமல், உடைத்த பரப்பைச் சதுர அடியில் அளந்து கொடுப்பது. மேலும் ஐந்தில் ஒரு பங்கு பணத்தைத் தனியே எடுத்துவைத்தோம். "உடைத்துப் பார்க்கும்போது, நாம் குறித்ததைவிடக் கெட்டது அதிகமாகத்தான் இருக்கும்" என்றார். அதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. ஆனாலும் நான் தலைகுனிந்தேன்.

ஏனெனில், பிரியமானவர்களே, மாறுதலைப் பற்றி அந்த மூத்தவர் சொன்னது முதல் எனக்குத் தூக்கம் வரவில்லை. இதற்குமுன் நான் ஊழியம் செய்ததும் கடலோரச் சேகரம்தான். அங்கே குருமனையின் படுக்கையறைக் கூரையில் இதேபோல் நேர்கோட்டில் விரிசல்கள் ஓடின. நேர்கோட்டு விரிசல் என்றால் அதன்மேல் கம்பி ஓடுகிறது என்று பொருள்; அது இப்போது தெரிகிறது. வருகிற ஐயருக்கு வீடு துப்புரவாயிருக்கவேண்டும் என்று, புறப்படுகிற கடைசி வாரத்தில் பட்டி வைத்து அடைத்து, இரண்டு கோட்டு வர்ணம் அடிக்கச் செய்தேன். செலவுக் கணக்கில் 'பராமரிப்பு' என்று எழுதிக் கையொப்பமிட்டேன். சபையார் கைகூப்பி நன்றி சொன்னார்கள்.

கமிட்டி முடிந்த மறுநாள் இரவு, இப்போது அங்கேயிருக்கிற இளம் போதகருக்குத் தொலைபேசினேன். எப்படித் தொடங்குவதென்று தெரியாமல் பண்டிகை ஏற்பாடுகளை விசாரித்தேன். பிறகு நேராகவே சொன்னேன். மறுமுனையில் சற்றுநேரம் சத்தமில்லை.

"ஐயா, அந்த அறையில்தான் குழந்தைக்குத் தொட்டில் கட்டியிருக்கிறோம்" என்றார்.

சுத்தியல் இருந்தால் எடுத்துக்கொண்டு, ஒரு ஸ்டூல்மேல் ஏறி, தொட்டில் கொக்கியைச் சுற்றி மெதுவாகத் தட்டிப் பார்க்கச் சொன்னேன். இணைப்பைத் துண்டிக்காமலே போனார். குழந்தையின் சிணுங்கல் கேட்டது. ஸ்டூல் இழுபடும் ஓசை கேட்டது. முதல் மூன்று தட்டும் கணீரென்று வந்தன. நான்காவது வரவில்லை.

அன்றிரவே தொட்டிலை முன்னறைக்கு மாற்றிவிட்டார்கள். இந்தச் சனிக்கிழமை பொறியாளரை அழைத்துக்கொண்டு நான் அங்கே போகிறேன். அந்தச் சேகரக் கமிட்டியின்முன் நானே நின்று சொல்லவேண்டும். சாக்கட்டி வாங்கி வைத்தாயிற்று.