நாள் குறிப்பதும் தவக்குலும்



ஒட்டகத்தைக் கட்டாமலேயே அல்லாஹ்வின்மீது பொறுப்புச் சாட்டலாமா என்று கேட்டவரிடம், முதலில் கட்டுமாறும் பிறகு பொறுப்புச் சாட்டுமாறும் நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டிய செய்தி திர்மிதியில் பதிவாகியுள்ளது. மத்ரஸாவில் இதைப் பாடமாக நடத்தும்போது பிள்ளைகள் எளிதில் புரிந்துகொள்வார்கள். ஆனால், கயிற்றை எவ்வளவு இறுக்கினால் போதும், எந்த முடிச்சுக்குப் பிறகு கையை எடுக்க வேண்டும் என்ற கேள்வி வாழ்க்கையில்தான் எழுகிறது. இவ்வாண்டு அந்தக் கேள்வி எங்கள் குடும்பத்தில் ஒரு தேர்வின் வடிவில் வந்தது.

என் தங்கை மகள் பி.எஸ்ஸி. நர்சிங் முடித்துத் திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையில் மூன்றாண்டுகளாகப் பணியாற்றுகிறாள். சென்ற ஆண்டு நிக்காஹ் நடந்தது. மாப்பிள்ளை அமெரிக்காவில் வேலை பார்க்கிறார். அங்கே அவள் பதிவுபெற்ற செவிலியராகப் பணிபுரிய வேண்டுமானால் என்கிளெக்ஸ் என்னும் உரிமத் தேர்வில் தேறியாக வேண்டும். சென்னையிலேயே அதற்குத் தேர்வு மையம் இருக்கிறது. தேர்வுப் பதிவுக்கு 200 டாலர், வெளிநாட்டில் எழுதுவதற்குக் கூடுதலாக 150 டாலர், அதன்மேல் வரி. சான்றிதழ்களைச் சரிபார்க்கும் செலவு தனி. என் தங்கை தன் வளையல்களை விற்றாள். மீதியை அத்தாவின் தம்பி வட்டியில்லாத அழகிய கடனாகக் கொடுத்தார். எனவே இது அவள் ஒருத்தியின் தேர்வாக மட்டும் இருக்கவில்லை.

ரஜப் பிறை பத்தில் தேர்வெழுதும் அனுமதிக் கடிதம் வந்தது. இந்த அனுமதி எத்தனை நாள் செல்லும் என்பதை அந்தந்த மாநிலச் செவிலியர் வாரியமே தீர்மானிக்கிறது. அவளுக்குக் கிடைத்தது 90 நாள். எக்காரணத்தைக் கொண்டும் அது நீட்டிக்கப்படாது. அதற்குள் எழுதாவிட்டால் கட்டிய பணம் போய்விடும். மறுபடி பதிவு செய்ய வேண்டும். எழுதித் தவறினால் குறைந்தது 45 நாள் காத்திருந்து, புதிதாகப் பணம் கட்டி, புதிய அனுமதி பெற வேண்டும். ரஜபில் தொடங்கிய 90 நாள் ஷவ்வாலின் முதல் பத்தில் முடிவதால், அவள்முன் மூன்று வழிகள் இருந்தன: ஷஅபானில் எழுதுவது, ரமலானில் எழுதுவது, பெருநாள் கழிந்த ஓரிரு நாள்களில் எழுதுவது.

வீட்டில் ஆளுக்கொரு கருத்து. என் தாயார், "ரமலான்ல எழுதட்டும். கடைசிப் பத்துல எழுதுனா ரப்பு கைவிடுவானா?" என்றார்கள். மாப்பிள்ளை வீட்டாருக்கு விரைவில் முடிந்தால் நல்லது. பிள்ளையோ, "பெருநாளுக்கு அப்புறம் வச்சுக்கிறேன் மாமா, இன்னும் எல்லாம் முடியல" என்றாள். முடிவில், இஸ்திகாரா தொழுது பார்த்துச் சொல்லுங்கள் என்று பொறுப்பை என்னிடம் தந்தார்கள்.

இங்கே நம் சமுதாயத்தில் பரவலாக உள்ள ஒரு தவறான எண்ணத்தைச் சுட்ட வேண்டியுள்ளது. இஸ்திகாரா என்பது யாருக்குக் காரியம் நடக்கவிருக்கிறதோ அவர் இரண்டு ரக்அத் தொழுது, இதில் நன்மை இருந்தால் எளிதாக்கு, தீமை இருந்தால் திருப்பிவிடு என்று அல்லாஹ்விடம் கேட்கும் துஆ. கனவு வர வேண்டும், பச்சையோ வெள்ளையோ தெரிய வேண்டும் என்பதற்கு நபிமொழியில் ஆதாரம் இல்லை. ஹஜ்ரத்திடம் ஒப்படைத்துவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பதற்கும் அதில் இடமில்லை. ஆலு இம்ரான் அத்தியாயத்தின் 159ஆம் வசனம் ஒரு வரிசையைக் கற்றுத்தருகிறது: ஆலோசனை, அதன்பின் உறுதி, அதன்பின் தவக்குல். ஆலோசனைக்குத் தகவல் வேண்டும். ஆகவே, "நாளைப் பத்திப் பிறகு பேசுவோம்மா. முதல்ல இந்தப் பரீட்சை எப்படின்னு எனக்குச் சொல்லு" என்று கேட்டேன்.

அவள் சொன்னவற்றை என் மொழியில் தருகிறேன். நம் ஊர்த் தேர்வுபோல எல்லாருக்கும் ஒரே வினாத்தாள் அதில் கிடையாது. ஒருவர் தரும் விடையைப் பார்த்துக் கணினி அடுத்த கேள்வியைத் தேர்ந்தெடுக்கிறது. சரியாகச் சொன்னால் கடினமானது வரும். தவறினால் எளியது வரும். குறைந்தது 85 கேள்விகள், அதிகபட்சம் 150. மொத்தம் ஐந்து மணி நேரம். இவர் தேர்ச்சி அளவுக்கு மேலா கீழா என்பது 95 விழுக்காடு உறுதியானவுடன் கணினி நின்றுவிடும். விடுத்த கேள்விக்குத் திரும்பிச் செல்ல முடியாது. இப்படி அமைந்திருப்பதால், நன்றாகப் படித்தவருக்கும் தேர்வறையில் கேள்விகள் கடினமாகவே தோன்றும். எளிதாக இருந்தது என்ற நிம்மதியோடு வெளியே வருபவர் அரிது.

2023 ஏப்ரல் முதல் நோயாளியின் நிலையை விரிவாகத் தந்து தொடர் கேள்விகள் கேட்கும் முறையும் சேர்ந்திருக்கிறது. அறிகுறியைக் கண்டறிவது, அதன் பொருளை ஆராய்வது, எது முதன்மை என வரிசைப்படுத்துவது, தீர்வுகளை யோசிப்பது, செயல்படுவது, விளைவை மதிப்பிடுவது என ஆறு படிகள். நான்கு நோயாளிகளைச் சொல்லி யாரை முதலில் பார்ப்பாய் என்று கேட்பார்கள். வலியால் முனகுபவர் இருப்பார், வீட்டுக்குப் போகக் காத்திருப்பவர் இருப்பார். ஆனால், இதுவரை தெளிவாக இருந்து திடீரெனக் குழப்பமும் தவிப்பும் அடைந்தவரிடம்தான் முதலில் செல்ல வேண்டும். பிராணவாயு குறைவதன் அடையாளமாக அது இருக்கலாம். இதைக் கேட்டபோது, சத்தமாக அழுபவரைவிட அமைதியிழந்தவரைக் கவனிக்கும் பக்குவம் ஓர் அமானிதம் என்று எனக்குத் தோன்றியது. கந்தக் போரில் காயமுற்ற சஅத் இப்னு முஆத் (ரழி) அவர்களை, மஸ்ஜிதுந் நபவியில் கூடாரம் அமைத்துச் சிகிச்சை அளித்துவந்த ருஃபைதா (ரழி) அவர்களிடம் வைக்கச் சொன்னவர்கள் நம் நபி (ஸல்) அவர்கள். நம் பெண்கள் அந்தப் பணியின் வாரிசுகள்.

நம் நாட்டில் பயின்றவர்களுக்கு வேறு சில சிரமங்களும் உண்டு. நாம் பாராசிட்டமால் என்பதை அங்கே அசிட்டமினோஃபென் என்கிறார்கள். சால்பியூட்டமால் அங்கே அல்பியூட்டரால், அட்ரினலின் அங்கே எபிநெஃப்ரின். வெப்பநிலை ஃபாரன்ஹீட்டிலும் எடை பவுண்டிலும் வரலாம். எந்த வேலையை உதவியாளரிடம் ஒப்படைக்கலாம், எதைச் செவிலியர் தாமே செய்ய வேண்டும் என்ற பகுப்பும் அந்நாட்டு முறைப்படி அமைந்தது. இவை அறிவுக்குறைவால் வருபவை அல்ல, பழக்கத்தால் சரியாகக்கூடியவை.

"எல்லாம் முடியல" என்று அவள் சொன்னதை இதன் பிறகுதான் நான் எடுத்துக்கொண்டேன். மருத்துவ அறிவு முடியக்கூடியதா? ஹிஃப்ழ் வகுப்பில் ஒரு பிள்ளை ஓதிக்காட்டத் தகுதியாகிவிட்டானா என்பதை அவன் சிறப்பாக ஓதிய நாளை வைத்து நாங்கள் முடிவு செய்வதில்லை. தூக்கம் குறைந்த நாளில், வீட்டில் விருந்தினர் வந்த நாளில், புதுப்பாடம் கடினமாக அமைந்த நாளில் பழைய பாடத்தை எப்படி ஓதுகிறான் என்று பார்ப்போம். சாதாரண நாளில் நிற்பதே மனனம். அதே அளவை அவளுக்கும் சொன்னேன்.

நான்கு வெவ்வேறு நாள்களில் 85 கேள்விகள் கொண்ட மாதிரித் தேர்வை, கைபேசியை வேறோர் அறையில் வைத்துவிட்டு, இடையில் எழாமல் எழுதினாள். அவற்றில் ஒன்று இரவுப் பணி முடிந்து வந்த நாள். ஒவ்வொரு தவறுக்கும் எதிரே காரணத்தைக் குறித்தாள்: பாடம் தெரியவில்லை, கேள்வியைச் சரியாகப் படிக்கவில்லை, தெரிந்தும் முதன்மையை மாற்றிவிட்டேன். நான்கு தேர்வுகளிலும் அவள் மதிப்பெண், பயிற்சித் தளம் சொன்ன தேர்ச்சி அளவுக்கு மேலேயே நின்றது. பாடம் தெரியாமல் வந்த தவறுகள் ஒவ்வொரு தேர்விலும் குறைந்துவந்தன. குறிப்பேட்டை என்முன் வைத்துவிட்டு அவளே சொன்னாள்: "பாடத்துக்காக நாள் கேக்கல மாமா. பயத்துக்காகத்தான் கேட்டுருக்கேன்."

பயத்துக்காகக் கேட்கும் அவகாசம் முடிவதே இல்லை. இந்தக் குறிப்பேடு வேறு விதமாக இருந்திருந்தால், பாடம் தெரியாத தவறுகளே மிகுந்திருந்தால், மாப்பிள்ளை வீட்டார் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் தள்ளிவைப்பதே ஒட்டகத்தைக் கட்டுவதாகும். இவள் விஷயத்தில் கயிறு கட்டப்பட்டுவிட்டது. கையை எடுப்பதுதான் பாக்கி.

என் தாயாரிடம் மெதுவாகப் பேசினேன். ரமலானின் பரக்கத்தில் யாருக்கும் ஐயமில்லை. நோன்பு வைத்துக்கொண்டு தேர்வெழுத முடியாது என்றும் நான் சொல்ல மாட்டேன். ஆனால் இரவுப் பணியும் ஸஹரும் தராவீஹும் சேரும் மாதத்தில் அவளுக்குத் தொடர்ந்து தூங்கக் கிடைப்பது சில மணி நேரமே. ஷஅபானில் எழுதிவிட்டால், ரமலான் முழுதும் வினாத்தாளின் கவலையின்றிக் குர்ஆனோடு இருப்பாள். "அப்பவும் நான் துஆ கேக்கலாம்ல?" என்று கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு மேல் யாரும் வாதிடவில்லை. பெருநாளுக்குப் பிந்திய வழியும் எங்களுக்குச் சரியாகப்படவில்லை. காய்ச்சல் ஒன்று வந்தால்கூட வேறு நாளுக்கு மாற்ற அனுமதியில் நாள் மிஞ்சாது.

அவள் இஸ்திகாரா தொழுதாள். கணவரிடமும் பெற்றோரிடமும் கலந்தாள். ஷஅபான் பிறை இருபதுக்கு நாள் குறித்தாள். இதை எழுதும்போது அதற்கு ஒன்பது நாள் இருக்கிறது. மருத்துவமனையில் இரவுப் பணியைப் பகலுக்கு மாற்றிக் கேட்டிருக்கிறாள். புதிய பாடம் எதையும் தொடுவதில்லை. தவறுக் குறிப்பேட்டை மட்டும் திருப்பிப் பார்க்கிறாள். முந்தைய நாளே சென்னை சென்று, மையத்துக்குப் போகும் வழியைப் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு.

அவள் தேறுவாளா என்பது எனக்குத் தெரியாது. தேறாவிட்டாலும் இந்த நாளைக் குறித்தது பிழையாகிவிடாது. செய்ய வேண்டியதைச் செய்து, கேட்க வேண்டியவர்களிடம் கேட்டு, அல்லாஹ்விடம் ஒப்படைத்த முடிவு அதன் விளைவால் பொய்யாவதில்லை. 45 நாள் கழித்து மறுபடி கட்டுவோம், மறுபடி ஒப்படைப்போம். உங்கள் வீடுகளிலும் வளைகுடா நாடுகளின் செவிலியர் தேர்வுகள் போன்ற ஏதேனும் ஒன்றுக்கு நாள் குறிக்கும் பிள்ளைகள் இருப்பார்கள். அவர்களிடம் எப்போது எழுதப்போகிறாய் என்று கேட்பதற்கு முன், உன் சாதாரண நாள் எப்படி இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள்.

அல்லாஹ் நம் பிள்ளைகளின் கல்வியைப் பயனுள்ளதாகவும், அவர்களின் கைகளை நோயாளிகளுக்கு ஆறுதலாகவும் ஆக்குவானாக. ஷஅபான் இருபதாம் நாள் காலையில் என் தங்கை மகளையும் உங்கள் துஆக்களில் நினைவுகூருங்கள். ஆமீன்.