தன் சரிவைத் தான் அறிதல்

"ஆழம் தெரியாமல் காலை விடாதே" என்பது நம் வீட்டுக் கிழவிகள் ஓயாமல் சொல்லிவந்த பழமொழி. ஆற்றையும் குளத்தையும் மனத்திற்கொண்டு பிறந்த அந்த வார்த்தையை, நீரெல்லாம் உறைந்து வெண்மணல்போல் கிடந்த ஒரு மலைவெளியில் நின்றுகொண்டு நான் நினைத்துப் பார்க்க நேர்ந்தது. அங்கே அறிய வேண்டியிருந்தது ஆழம் அன்று, சரிவு. ஆயினும் பாடம் ஒன்றுதான்.

மதரஸாவில் முப்பது ஆண்டுகளாக அரபி இலக்கணம் கற்பித்துவரும் எனக்கும் பனிச்சறுக்கு விளையாட்டுக்கும் என்ன உறவு என்று வாசக அன்பர்கள் வியப்புறலாம். அந்த உறவை உண்டாக்கியவர்கள் என் மக்கள் இருவர். பெங்களூரில் பணிபுரியும் மகன், முந்திய குளிர்காலத்தில் காஷ்மீரத்துக் குல்மார்க்கில் இரண்டு வாரம் பயிற்சி பெற்றுத் திரும்பியிருந்தான். கல்லூரியில் பயிலும் மகள் அவன் காட்டிய படங்களைப் பார்த்துவிட்டு, "அத்தா, நானும் போகணும்" என்று ஒற்றைக்காலில் நின்றாள். சென்ற ஆண்டு பிப்ரவரியில் குடும்பத்தோடு புறப்பட்டோம்.

ஸ்ரீநகரிலிருந்து தங்மார்க் வழியாக ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர் சென்றால் குல்மார்க். மலர்வெளி என்பது அப்பெயரின் பொருள். பதினாறாம் நூற்றாண்டில் காஷ்மீரை ஆண்ட யூசுப் ஷா சக் இட்ட பெயர் என்பர். நம் தமிழகத்தின் மிக உயர்ந்த சிகரங்களுள் ஒன்றான தொட்டபெட்டா 2,637 மீட்டர் உயரமுடையது. குல்மார்க்கில் கடைத்தெருவும் தங்கும் விடுதிகளும் இருக்கும் அடிவெளியே ஏறத்தாழ 2,650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நமக்கு முடியாக இருப்பது அவர்களுக்கு முற்றமாக இருக்கிறது. மலைகள் தொடங்குவதே அதற்கு மேலேதான்.

அங்குள்ள சரிவுகளை மூன்று தட்டுகளாகக் கொள்ளலாம். முதல் தட்டு ஊரை ஒட்டிய வெளி. இடறி விழுந்தவர் சற்று உருண்டு தாமே நின்றுவிடக்கூடிய மென்சரிவுகள் அங்கே உண்டு. புதிதாகக் கற்போரை மேலே இழுத்துச் செல்லும் சிறு இழுவைக் கம்பிகளும் உண்டு. இரண்டாம் தட்டு கொங்தூரி. 1998-இல் திறக்கப்பட்ட கோண்டோலா என்னும் கம்பியூர்தியின் முதற்கட்டம், பெட்டிக்கு ஆறுபேராக ஏற்றிக்கொண்டு, காட்டின் மேலாக 3,000 மீட்டரைத் தாண்டிய அவ்விடத்தில் கொண்டு சேர்க்கிறது. பழனியின் ரோப் காரைக் கண்டவர்கள் அதைப் பன்மடங்கு நீட்டி மனத்தில் வரைந்துகொள்ளலாம். அங்கிருந்து ஊருக்கு இறங்கும் வழிகள் மரங்களுக்கிடையே வளைந்து வருபவை. ஆகவே இருபுறமும் திரும்பத் தெரிந்தவர்களுக்கே அவை உரியவை. மூன்றாம் தட்டு அஃபர்வட் மலையின் தோள். 2005-இல் திறக்கப்பட்ட இரண்டாம் கட்டம் 3,700 மீட்டருக்கும் மேலே ஏறுகிறது. அங்கே மரம் இல்லை, வேலி இல்லை. கண்ணுக்கெட்டிய தூரம் வெண்மைதான்.

எங்களுக்கு வாய்த்த பயிற்சியாளர் தங்மார்க் பக்கத்துக் கிராமத்தவர், அனுபவம் முதிர்ந்தவர். எனக்கு உர்து தெரிந்திருந்தது நல்லதாயிற்று. முதல் நாளே அவர் சொன்ன செய்தி ஒன்று என் மனத்தில் தைத்தது. வெளிநாட்டார் பலர் வந்திறங்கியதும் "இது என்ன நிறச் சரிவு?" என்றுதான் கேட்பார்களாம். ஐரோப்பிய நாடுகளில் சரிவுகளுக்கு நிறக்குறி இட்டுக் கம்பம் நட்டிருப்பார்கள். ஆஸ்திரியாவில் எளியதற்கு நீலம், நடுத்தரத்திற்குச் சிவப்பு, கடினத்திற்குக் கறுப்பு. பிரான்சில் நீலத்திற்கும் கீழே பச்சை என்று ஒரு படி உண்டு. அமெரிக்காவிலோ எளியது பச்சை வட்டம், நடுத்தரம் நீலச் சதுரம், கடினம் கறுப்பு வைரம். நூறு அடி கிடையாகச் செல்வதற்குள் இருபத்தைந்து அடி வரை இறங்கினால் நீலம், நாற்பது அடி வரை இறங்கினால் சிவப்பு, அதற்கும் மேற்பட்டால் கறுப்பு என்பது ஆஸ்திரிய வழக்கின் பொதுக் கணக்கு.

"ஆனால் மௌலவி ஸாஹிப், ஓர் ஊரின் நீலம் இன்னோர் ஊரின் நீலமன்று" என்றார் அவர். தரம் பிரிப்பவர்கள் அவ்வவ்விடத்தைச் சேர்ந்தவர்கள். தம்மிடமுள்ள மற்றச் சரிவுகளோடு ஒப்பிட்டே ஒன்றை எளிது என்றும் மற்றொன்றைக் கடினம் என்றும் குறிக்கிறார்கள். ஒரு மதரஸாவின் நான்காம் வகுப்பு மற்றொரு மதரஸாவின் நான்காம் வகுப்பாகாது என்பதை அறிந்த எனக்கு இது உடனே விளங்கிற்று. அது மட்டுமன்று. ஒரே சரிவு காலையில் கண்ணாடிபோல் இறுகிக் கிடக்கும்; நண்பகலில் வெயில் பட்டுக் குழையும்; மாலையில் மீண்டும் இறுகும். மூடுபனி இறங்கினால் மேடும் பள்ளமும் ஒன்றாகத் தெரியும். நிறம் மாறாது, சரிவு மாறிவிடும். குல்மார்க்கின் உயர்சரிவுகளில் பெரும்பகுதி நிறக்கம்பமே இல்லாத இயற்கை நிலம். கம்பம் சொல்லாததை நம் அறிவுதான் சொல்ல வேண்டும்.

மகளின் பாடம் மென்சரிவில் தொடங்கிற்று. பலகைகளின் முன்முனைகளை நெருக்கி, பின்முனைகளை விரித்து வைத்தால் வேகம் குறையும். இன்னும் விரித்தால் நின்றுவிடும். அதுவே முதற் பாடம். அதைக் கண்டதும், "அரபி எட்டு!" என்று என்னையறியாமல் சொன்னேன். ஆம், அரபி எழுத்தில் எட்டு என்னும் எண் மேலே கூடிக் கீழே விரிந்திருக்கும். அதைத் தலைகீழாக்கினால் ஏழு. முன்முனைகள் விரிந்து ஏழானால் கால்கள் இருபுறமும் பிரிந்து ஆள் விழவேண்டியதுதான். "எட்டு நிற்கும், ஏழு விழும்" என்று மகளுக்கு வாய்பாடு சொல்லிக் கொடுத்தேன். பயிற்சியாளர் அதை வெகுவாக ரசித்தார். என்னையும் பலகையில் ஏற்றினார். நான் எட்டில் தொடங்கி ஏழில் முடிந்தேன் என்பதோடு அந்த வரலாற்றை நிறுத்திக்கொள்கிறேன். யானைக்கும் அடி சறுக்கும்.

மூன்றாம் நாள்தான் சோதனை வந்தது. வானம் தெளிந்திருந்தது. மகன் இரண்டாம் கட்டத்திற்கு, மலையின் தோளுக்கு, வழிகாட்டி ஒருவரோடு செல்ல ஏற்பாடு செய்திருந்தான். "தங்கச்சியையும் கூட்டிட்டுப் போறேன் அத்தா. ரெண்டு நாள்ல நல்லா பழகிட்டா. மெதுவா இறக்கிக் கொண்டு வந்துடுவேன்" என்றான். மகளின் கண்கள் என்னைக் கெஞ்சின. அங்கே சிறுவர்களோடு சிறுமியாய்ச் சறுக்கிக்கொண்டிருப்பது அவளுக்கு வெட்கமாக இருந்தது.

நான் பயிற்சியாளரைப் பார்த்தேன். அவர் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. மகளை மென்சரிவின் தலைப்புக்கு அழைத்துச் சென்று, "நீ இறங்கி வா. நான் கைதட்டிய இடத்தில் நிற்க வேண்டும். மூன்று முறை தட்டுவேன்" என்றார். முதல் முறை நின்றாள். இரண்டாம் முறை இரண்டு பாகம் தள்ளி நின்றாள். மூன்றாம் முறை வேகம் கூடிவிட்டது. நிற்க முடியாமல் விழுந்துதான் நின்றாள். "விழுந்து நிற்பது நிற்பதாகாது" என்றார் அவர். விரும்பிய இடத்தில் நிற்கவும், இருபுறமும் ஒரேபோல் திரும்பவும், செங்குத்தான இடத்தில் பக்கவாட்டாக வழுக்கி இறங்கவும் வல்லவரே அடுத்த தட்டுக்கு உரியவர் என்பது அவர் கட்டளை. இறங்கத் தெரிவது தகுதியன்று, நிற்கத் தெரிவதே தகுதி என்பது அதன் கருத்து.

மகள் அழுதாள். "அண்ணன் கூட இருக்கும்போது என்ன பயம் அத்தா? நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்" என்றாள். அந்த ஒரு வார்த்தைதான் என்னை நடுங்க வைத்தது. ஏனெனில் அத்தகைய ஒரு வார்த்தையை நான் முன்பே ஒருமுறை சொல்லியிருக்கிறேன்.

இருபதாண்டுகளுக்கு முன் என்னிடம் ஒரு மாணவன் ஓதினான். தந்தையை இழந்தவன், அபார நினைவாற்றல் உடையவன். எங்கள் பாடமுறையில் மீஸான், நஹ்வு மீர், ஹிதாயத்துன் நஹ்வு, காஃபியா என்று இலக்கணம் படிப்படியாக ஏறிச் செல்லும். காஃபியா, இப்னு ஹாஜிப் சுருக்கமாய் யாத்த நூல்; ஒவ்வொரு சொல்லும் ஒரு பாறை. நஹ்வு மீரை அவன் மனப்பாடமாய் ஒப்பித்த வேகத்தில் மயங்கி, ஹிதாயத்துன் நஹ்வைத் தாண்டி அவனைக் காஃபியாவில் உட்கார வைத்தேன். என் மாணவன் முந்தினான் என்ற பெருமை எனக்கு. அதையும் அவன் ஒப்பித்தான். ஆனால் ஆண்டுத் தேர்வில், வெளியிலிருந்து வந்த ஆலிம்கள் ஓர் எளிய வாக்கியத்தைக் கொடுத்து, இச்சொல்லின் ஈறு ஏன் இவ்வாறு முடிந்தது என்று கேட்டபோது, அவனால் விடை சொல்ல முடியவில்லை. ஓடத் தெரிந்திருந்தது, நிற்கத் தெரியவில்லை. அடுத்த வாரம் ஊருக்குப் போனவன் திரும்பவில்லை. பல ஆண்டுகள் கழித்து ஒரு கடையில் அவனைக் கண்டேன். மரியாதையோடு தேநீர் வரவழைத்துக் கொடுத்துவிட்டு, "ஹஸ்ரத், ஒரு வருஷம் கழிச்சு என்னை அதுல உட்கார வச்சிருந்தீங்கன்னா போதும்" என்றான். குறை கூறும் தொனி அதில் இல்லை. அதனாலேயே இன்றுவரை அது ஆறவில்லை.

மகளின் தலையில் கைவைத்து, "இல்லம்மா. இன்றைக்கு இல்லை" என்றேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மகனுக்கும் மனவருத்தம்தான். உயரச் சரிவுகள் விளையாட்டுக் களமாக மட்டும் இருப்பவை அல்ல என்பதை அவனுக்கு நினைவூட்டினேன். 2010 பிப்ரவரி 8-இல் இதே குல்மார்க்கின் மேற்சரிவில், மலைப்போர்ப் பயிற்சியிலிருந்த நம் இராணுவ வீரர்கள் பதினேழு பேர் பனிச்சரிவில் மாண்டனர். மலையில் பழகியவர்களுக்கே அந்நிலை. முப்பது பாகையிலிருந்து நாற்பத்தைந்து பாகை வரை சாய்ந்த சரிவுகளில்தான் பனிப்பாளம் பெரும்பாலும் பெயர்கிறது. வல்லவர்கள் விரும்பித் தேடும் சரிவுகளும் அவையே. இதை மகனின் வழிகாட்டியே எடுத்துச் சொன்னார்.

மகன் தனியே வழிகாட்டியோடு மேலே போனான். பிற்பகல் மூன்று மணியாயிற்று. மலையின் தோளை மேகம் மூடியது. என் மனைவி திக்ரு ஓதிக்கொண்டு கோண்டோலா நிலையத்தின் வாயிலிலேயே நின்றாள். கடைசியில் அவன் வந்தான். ஆனால் சறுக்கிக்கொண்டு வரவில்லை. பலகைகளைத் தோளில் சாய்த்துக்கொண்டு கம்பியூர்திப் பெட்டியிலிருந்து இறங்கினான். ஒரு முறை இறங்கியபின் மூடுபனி வந்துவிட்டதாம். அடுத்த முறை உச்சியில் நின்று கீழே பார்த்தபோது சரிவின் விளிம்பு தெரியவில்லையாம். "எனக்கு இது முடியாதுன்னு தோணிச்சு அத்தா. அப்படியே பெட்டியில ஏறி வந்துட்டேன்" என்றான். மற்றவர்கள் முன்னிலையில் அதைச் சொல்ல அவன் கூசினான். நான் அவனைத் தழுவிக்கொண்டேன். அவன் இறங்கிய எந்தச் சரிவைக் காட்டிலும் அவன் இறங்காத அந்தச் சரிவுதான் எனக்குப் பெருமை தந்தது.

மறுநாளும் அதற்கு மறுநாளும் மகள் மென்சரிவிலேயே பயின்றாள். அண்ணனே கைதட்டினான், அவள் நின்றாள். ஆறாம் நாள் பயிற்சியாளர் அவளைக் கொங்தூரிக்கு அழைத்துச் சென்று, நிலையத்தை ஒட்டிய அகன்ற சரிவில் இறக்கினார். முன்னே அவர், நடுவே மகள், பின்னே மகன். சறுக்குவோர்க்கென்று சர்வதேசச் சம்மேளனம் 1967-இல் வகுத்த ஒழுங்கு விதிகளில் ஒன்று, முன்னே கீழே செல்பவருக்கே முதலுரிமை, பின்னே மேலிருந்து வருபவரே அவரைக் காக்கும் பொறுப்புடையவர் என்பதாகும். வல்லவன் மெல்லவனுக்கு வழிவிட வேண்டும் என்னும் அவ்விதியை, அன்று என் மகன் யாரும் சொல்லாமலே நிறைவேற்றிக்கொண்டிருந்தான். மகள் கீழே வந்து என்னெதிரே எட்டாய் நின்றாள். விழவில்லை. "அத்தா, நின்னுட்டேன்!" என்றாள்.

ஊர் திரும்பியபின் என் வகுப்பில் ஒரு வழக்கத்தை மாற்றியிருக்கிறேன். மாணவன் ஒருவன் கிதாபை முடித்துவிட்டான் என்று வந்து நின்றால், அவனை ஒப்பிக்கச் சொல்வதில்லை. ஓதிக்கொண்டே போகச் சொல்கிறேன், நடுவே ஓரிடத்தில் மேசையைத் தட்டி நிறுத்தி, "இச்சொல் இங்கே ஏன் இப்படி நிற்கிறது?" என்று கேட்கிறேன். நின்று விடை சொல்பவனை மேலே ஏற்றுகிறேன். தடுமாறுபவனிடம், "இன்னும் சில நாள் இங்கேயே இரு, நானும் உன்னோடு இருக்கிறேன்" என்கிறேன்.

கடை வைத்திருக்கும் அந்தப் பழைய மாணவனுக்குச் சென்ற மாதம் ஒரு கடிதம் எழுதினேன். அவன் மகனுக்கு ஓதும் வயது வந்துவிட்டதாகப் பதில் எழுதியிருக்கிறான். மீஸானிலிருந்து, ஒரு படியும் தாண்டாமல், நானே தொடங்கி வைப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன்.